இதுக்கு முந்தினது என்ன?

அவளோடு சண்டை போட்டால் லேசில் முடியாது. நாம் கோபத்தில் ஒரு வார்த்தை விட்டிருப்போம். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, "சரி, இதுக்கு முந்தினது என்ன?" என்பாள். கோபம் ஏன் வந்தது என்று சொன்னால், "அதுக்கு முந்தினது?" என்பாள். இப்படியே பின்னால் போய்ப் போய், கடைசியில் காலையில் வீட்டில் ரொட்டி தீய்ந்துபோனதில் வந்து நிற்கும். அதற்குள் நமக்கும் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் சண்டை எங்கே இருக்கிறது?

குள்ளம். பாடசாலைச் சீருடைக்கு மேல் எப்போதும் ஒரு நீல ஸ்வெட்டர், அவளே பின்னியது. பின்னக் கற்றதும் அவள் பாணியில்தான். யாரிடமும் போய்க் கேட்கவில்லை. அக்காவின் பழைய ஸ்வெட்டரைக் கடைசித் தையலிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். அக்கா அந்தக் குளிர்காலம் முழுக்க ஸ்வெட்டர் இல்லாமல் திட்டிக்கொண்டே திரிந்தது தனிக் கதை. படம் பார்க்க உட்கார்ந்தாலும் முடிவைச் சொல்லு, அப்புறம் பார்க்கிறேன் என்பாள். சொல்லாவிட்டால் எழுந்து போய்விடுவாள்.

ஒரு மழை நாளில் ஹட்டன் பஸ் எங்கள் சந்திக்கு வரவில்லை. நின்றவர்கள் எல்லாரும் டிரைவரின் பரம்பரையை இழுத்துத் திட்டினார்கள். இவள் மட்டும் விரலை மடக்கிக்கொண்டு பின்னால் போனாள். பஸ் வரவில்லை, வளைவில் மண் சரிந்திருக்கிறது. மண் சரிந்தது, மேல் மலைத் தண்ணீர் ரோட்டுக்கு வந்ததால். தண்ணீர் ரோட்டுக்கு வந்தது, அதை வடிக்கும் கான் தூர்ந்து கிடந்ததால். கான் தூர்ந்தது, கான் வெட்டும் ஆட்களைத் தேயிலைத் தோட்ட நிர்வாகம் நிறுத்தியதால். அடுத்த நாள் காலை பெரட்டில், தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கு நின்று ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், இவள் புத்தகப் பையோடு போய் நின்று, கான் வெட்டை நிறுத்தியது யார் என்று கேட்டாள். கண்டாக்குக்கு மூக்குக்கு மேல் கோபம். இந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா என்று அவள் அம்மாவிடம் பாய்ந்தார். அந்த அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே, "பள்ளிக்கூடம் போகத்தாங்க பஸ் கேக்குறா" என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறிவிட்டது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.

நாங்கள் இருவரும் ஏ.எல். என்கிற உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்தபோது வகுப்பில் ஒரே வாங்கில் உட்கார்ந்துவிடக்கூடிய அளவு பிள்ளைகள்தான். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இருப்பதே பெரிய காரியம். சேர்ந்து சில மாதத்திலேயே இரசாயனவியல் ஆசிரியர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். பிறகு கொரோனா ஊரடங்கு வந்தது, பாடசாலையும் மூடிக்கொண்டது.

தூரத்து நகரம் ஒன்றில் ஓர் ஆசிரியர் தான் கரும்பலகையில் எழுதுவதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் இலவசமாகப் போடுகிறார் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடையாது. ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் ஒரு பாறை, அங்கே போனால் கிடைக்கும், அதுவும் காற்றின் இஷ்டப்படி. கொழுந்து எடுக்கும்போது அம்மா இடுப்பில் கட்டும் படங்கை இவள் கொண்டுவந்து பாறையில் விரிப்பாள். காலில் ஏறும் அட்டைக்கு உப்பு, பசிக்கு ரொட்டி, இரண்டு பேருக்கும் ஒரே போன்.

படங்கள் ஒழுங்காக இறங்காது. குழுவைத் திறந்ததும் கீழே கிடப்பது கடைசிப் படம். அதைத் தொட்டால் அது மட்டும் மெல்லத் தெளியும். மேலே உள்ளதைத் தொடுவதற்குள் சிக்னல் போய்விடும். அதாவது பாடத்தின் முடிவு மட்டும் கையில் இருக்கும், ஆரம்பம் ஆகாயத்தில் தொங்கும். நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாறையைச் சுற்றிப் பைத்தியம் போல நடப்பேன். அவள் நடக்கமாட்டாள். முடிவில் நிற்கும் மூலக்கூறையே பார்த்துக்கொண்டு, "இது எதுல இருந்து வந்திருக்கும்?" என்று ஒரு குச்சியால் மண்ணில் கிறுக்கத் தொடங்குவாள். ஒரு படி பின்னால், அதற்கு ஒரு படி பின்னால். எப்போதாவது மேகம் விலகி முந்திய படம் இறங்கும்போது, அவள் மண்ணில் கிறுக்கியதும் அந்த ஆசிரியர் பலகையில் எழுதியதும் ஒன்றாக இருக்கும். முதல் தடவை அப்படி ஆனபோது அவள் எழுந்து நின்று, யாருமே இல்லாத மலையைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

காபன் பொருள்களைப் பற்றிய சேதன இரசாயனத்தில் எங்களை அழவைத்தது மாற்றக் கணக்குத்தான். ஒரு சாதாரணப் பொருளைக் கொடுத்து, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு பெரிய மூலக்கூறைச் செய்துகாட்டு என்பார்கள். தொடக்கத்திலிருந்து போனால் தொலைந்தோம். எதனோல் என்ன என்னவாகவெல்லாம் மாறும் என்று யோசித்தால் பத்து வழி வரும், ஒவ்வொரு வழியிலும் இன்னும் பத்து. மனப்பாடக்காரர்கள் இந்த வழிகளை எல்லாம் உருப்போட்டு வைத்திருப்பார்கள். அவள் செய்யவேண்டிய மூலக்கூறில் போய் நின்றுகொள்வாள். இதன் எந்தப் பிணைப்பைக் கடைசியாகப் போட்டிருப்பார்கள்? அதை வெட்டினால் என்ன இரண்டு துண்டு வரும்? அந்தத் துண்டு கையில் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் சரி. இல்லையென்றால் அதையும் வெட்டு. பின்னால் போகும் வழி எப்போதும் இரண்டு மூன்றுதான்.

வெட்டுவதை அவள் கவ்வாத்து என்பாள். தேயிலைச் செடியை நறுக்கிவிடுகிற வேலைதான் கவ்வாத்து. எனக்கு அந்த முறை பிடிபட்டதும் வெறி பிடித்து, எல்லா மூலக்கூறையும் ஒவ்வொரு காபனாக நொறுக்கித் தள்ளினேன். அவள் என் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கவ்வாத்துலகூட ஒரு கொப்பை விட்டுத்தாண்டி வெட்டுவாங்க. எல்லாத்தையும் வெட்டினா செடி செத்துரும். கையில இருக்கிற துண்டு வர்ற வரைக்கும் வெட்டு. அதுக்கு மேல கத்தியைக் கீழ வை."

பாடசாலை திறந்தது. இரசாயன ஆசிரியர் மட்டும் வரவில்லை. அதிபர் எங்களைக் கூப்பிட்டு, கலைப் பிரிவுக்கு மாறிவிடுங்கள் பிள்ளைகளே என்றார். அவர் கெட்டவர் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஆசிரியர் கேட்டு நடந்து களைத்தவர். இரசாயனத்தில் எல்லாரும் ஃபெயிலானால் யாருடைய தலை உருளும் என்பதும் அவருக்குத் தெரியும். தவணைப் பரீட்சை முடிவைப் பார்த்துவிட்டு விஞ்ஞான வகுப்பை மூடுவதா விடுவதா என்று தீர்மானிப்பதாகச் சொன்னார். மூடினால் எங்களுக்கு மட்டுமல்ல, பின்னால் வருகிற பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறக்காது. மூடிய வகுப்பைத் திரும்பத் திறந்த அதிசயம் எங்கள் பக்கத்தில் நடந்ததே இல்லை.

பரீட்சை எழுதினோம். வலயத்துக்குப் பொதுவான வினாத்தாள், திருத்தியதும் வலயத்திலிருந்து வந்த ஆசிரிய ஆலோசகர். அவர் எங்கள் தாள்களைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வகுப்புக்கே வந்துவிட்டார், பின்னால் அதிபர். மாற்றக் கணக்கை எங்கள் வகுப்பில் அத்தனை பேரும் தாளின் வலது ஓரத்திலிருந்து எழுதியிருந்தோம். கடைசிப் படி முதலில், முதல் படி கடைசியில். பாடசாலை திறந்த பிறகு எல்லாரும் அவளிடம் கற்றுக்கொண்டது அப்படித்தான். அதை நேராக்கித் திருப்பி எழுதவேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஓர் ஆளும் இருக்கவில்லை. ஆலோசகர் வேறு கணக்குப் போட்டார். விடை கையில் இருந்தவர்தான் விடையிலிருந்து எழுதத் தொடங்குவார், ஆகவே வினாத்தாள் முன்கூட்டியே வெளியே வந்திருக்கிறது. ஆசிரியரே இல்லாத பாடசாலையில் சேதனம் இப்படி வருமா என்று அதிபரைப் பார்த்துக் கேட்டார். எங்கள் எல்லாருடைய தாளிலும் அந்தக் கேள்விக்குச் சிவப்புப் பூச்சியம்.

நன்றாகச் செய்தால் களவு, செய்யாவிட்டால் தோட்டத்துப் பிள்ளை. எந்தப் பக்கம் போனாலும் எங்களுக்கு ஒரு பெயர் தயாராக இருந்தது.

அவள் எழுந்தாள். "சேர், வேற கணக்கு ஒண்ணு குடுங்க. தாள்ல இருந்து வேணாம். இப்ப உங்க மனசுல தோணுறதைக் குடுங்க."

ஆலோசகர் யோசித்து ஒரு மூலக்கூறைப் பலகையில் வரைந்தார். நடுவில் ஒரு காபன், அதில் ஓர் அற்ககோல் கூட்டம், சுற்றி மூன்று கை. இரண்டு கையில் இரண்டிரண்டு காபன், ஒரு கையில் ஒற்றைக் காபன். காபன் உள்ள பொருளாக எதனோல் மட்டும்தான் தருவேன் என்றார். எதனோலில் இருப்பது இரண்டு காபன். இவள் அவர் இடது பக்கம் வரைந்ததை அழித்தாள், வலது ஓரத்தில் எட்டிய உயரத்தில் திரும்ப வரைந்தாள். பிறகு அந்த ஒற்றைக் காபன் கையை ஒரு கோடு போட்டு வெட்டினாள். சின்னதை முதலில் கழற்றுவோம் என்று நினைத்திருக்கவேண்டும். துண்டுகளை எழுதினாள். எழுதிவிட்டு அப்படியே நின்றாள்.

பின்னால் போன வழி முட்டிக்கொண்டது எங்களுக்கே தெரிந்தது. ஆலோசகர் அதிபரைத் திரும்பிப் பார்த்தார். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வகுப்புக் கதவு என் கண்முன்னாலேயே மூடிக்கொண்டிருந்தது.

"இருங்க சேர்" என்றாள் அவள், பலகையைப் பார்த்தபடியே. "ஒத்தக் காபன் நம்ம கையில இல்ல. நம்மக்கிட்ட உள்ளது ரெண்டு ரெண்டா. அப்ப ரெண்டாத்தான் வெட்டணும்."

உள்ளங்கையால் அந்த ஒரு வரியை மட்டும் அழித்தாள். இப்போது இரண்டு காபன் கையை வெட்டினாள். ஒரு பக்கம் காபன் துண்டை ஒட்டவைக்கும் கிரிக்னாட் சோதனைப்பொருள், மறுபக்கம் நான்கு காபன் உள்ள கீற்றோன். அந்தக் கீற்றோனுக்கு முந்தினது என்ன? அதே நான்கு காபன் உள்ள அற்ககோல், ஒட்சியேற்றினால் ஆயிற்று. அதற்கு முந்தினது? நடுவில் வெட்டினால் திரும்பவும் இரண்டும் இரண்டும். ஒன்று எதனல், மற்றது அதே கிரிக்னாட். எதனலுக்கு முந்தினது எதனோல். கிரிக்னாட்டுக்கு முந்தினது புரோமோஎதேன், அதற்கு முந்தினதும் எதனோல். அவள் நகர்ந்து நகர்ந்து பலகையின் இடது ஓரத்துக்கு வந்தபோது, எல்லாக் கோடும் எதனோலில் வந்து முடிந்திருந்தது. கையிலிருந்த சோக்கை மேசையில் வைத்துவிட்டு ஆலோசகரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்து எழுதினவளா இருந்தா நடுவுல பிழை வந்திருக்குமா சேர்? எனக்கு வந்துச்சு. உங்க முன்னுக்குத்தான் வந்துச்சு. உங்க முன்னுக்குத்தான் திருத்தினேன்."

அந்த மனுஷரையும் குறை சொல்ல முடியாது. பலகையில் அவள் போட்ட கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுச் சரிபார்த்தார். பிறகு தாள்களை எடுத்து அங்கேயே உட்கார்ந்து பூச்சியங்களை வெட்டிப் புள்ளி போட்டார். போகும்போது அவளிடம், பெரிய பரீட்சையில் இப்படித் தலைகீழாக எழுதினால் யாரும் புள்ளி தரமாட்டார்கள், நேராக்கி எழுதிப் பழகுங்கள் என்று சொன்னார். இவள் தலையாட்டினாள். அவர் படி இறங்கிய பிறகு, "எழுதுறது அவங்க இஷ்டம், யோசிக்கிறது நம்ம இஷ்டம்" என்றாள். வகுப்பு தப்பியது. ஆசிரியர்தான் வரவில்லை. பரீட்சை வரை பாறைதான் எங்களுக்கு வகுப்பறை.

பெரிய பரீட்சையில் நான் தட்டுத்தடுமாறிப் பாஸ். அவளுக்கு இரசாயனத்தில் ஏ. கிழக்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம் கிடைத்தது. எங்கள் பாடசாலையில் இரசாயனத்தில் ஏ என்ற எழுத்தை அதுவரை யாரும் கண்டதில்லை. லயமே கொண்டாடியது, அவள் அம்மா வீட்டுக்கு வீடு சர்க்கரைப் பொங்கல் கொடுத்தது. அதிபர் கேட்டுக்குப் பேனர் அடிக்க ஏற்பாடு செய்தார். பாஸானவர்கள் எல்லாருடைய படமும் வரும், நடுவில் அவள் படம் பெரிதாக வரும், பாடசாலையின் சிறந்த வழிகாட்டலில் என்று மேலே ஒரு வாசகம் வரும். எங்களைக் கூப்பிட்டுப் படம் கேட்டார். நான் உடனே கொடுத்துவிட்டேன், பேனரில் வர யாருக்குத்தான் ஆசை இருக்காது. அவள் கொடுக்கவில்லை.

"சேர், இந்தப் பேனருக்கு முந்தினது என்ன?" என்று கேட்டாள்.

அதிபர் சிரித்துக்கொண்டே, உன் ரிசல்ட் என்றார். அதற்கு முந்தினது என்றாள். நீ படிச்சது என்றார். அதற்கு முந்தினது என்றாள். அவர் சிரிப்பு நின்றது.

"டீச்சர்தான் சேர் முந்தினது. அந்தப் படியே இல்லாம என் படத்தை மேல தூக்கி வச்சீங்கன்னா, வலய ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க? டீச்சர் இல்லாமலே இந்த ஸ்கூல்ல ஏ எடுக்குறாங்க, இங்க எதுக்கு டீச்சர்னு நினைப்பாங்க. என்னைய வச்சு சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற டீச்சரை நிறுத்திறாதீங்க. கெமிஸ்ட்ரி டீச்சர் வரட்டும். நான் படம் தர்றேன்."

அதிபர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாவோ, பிள்ளை நியாயமாத்தானேங்க கேக்குது என்றுவிட்டது. பேனர்க்காரர் அதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணி வைத்திருந்தார். நடுவில் பெரிய வெள்ளைக் கட்டம், கீழே அவள் பெயர். அப்படியே அச்சாகி வந்து கேட்டில் ஏறியது.

அந்த வெள்ளைக் கட்டம் செய்த வேலையைப் படம் செய்திருக்காது. போகிற வருகிற எல்லாரும் நின்று கேட்டார்கள். யார் அந்தப் பிள்ளை, ஏன் முகம் இல்லை? கேட்டில் இருந்த வாட்சர் எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னார்: கெமிஸ்ட்ரி டீச்சர் வந்தா அந்தப் பிள்ளை படம் குடுக்கும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பேசினார்கள், பஸ்ஸில் பேசினார்கள். பெற்றோர் சங்கம் வலயத்துக்கு ஒரு வேன் நிறையப் போனது, வேனில் முதல் ஆள் அவள் அம்மா. பெரிய அதிகாரி ஒருவர் பாடசாலைக்கு வந்த அன்று கேட்டிலேயே நின்று அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதிபர் பக்கத்தில் நெளிந்துகொண்டு நின்றதை வாட்சர் நடித்துக் காட்டுவார்.

அடுத்த தவணையே ஓர் இரசாயன ஆசிரியை வந்தார். நான் அப்போது அதே பாடசாலையில் தொண்டராசிரியராகச் சின்ன வகுப்புகளுக்கு விஞ்ஞானம் எடுக்கத் தொடங்கியிருந்தேன். அன்றைக்கே அவளுக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு படம் மட்டும் வந்தது, நீல ஸ்வெட்டரில், சிரிக்காமல். அதைப் பெரிதாக்கி அடித்து, வாங்கு போட்டு ஏறி, கட்டத்தில் நானே ஒட்டினேன். எனக்குக் கண் கலங்கியது. எங்கள் கேட்டில் எங்களில் ஒருத்தி, கேட்டதை வாங்கிக்கொண்டு நின்றாள்.

அந்த ஆசிரியை நல்லவர், பிள்ளைகள் அவர் பின்னாலேயே திரிந்தார்கள். ஆனால் போன தவணை முடிவில் அவரும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. இரவல் ஆசிரியர் வருவார், பார்ப்போம், யோசிப்போம் என்று பழைய பல்லவி தொடங்கியது. கலைப் பிரிவு என்ற பேச்சும் ஆசிரியர் அறையில் மெல்லத் தலைகாட்டியது. நான் அவளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். இறுதி வருடம், ஏதோ ஆய்வுகூடத்தில் நின்றிருக்கிறாள், பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் சொல்லி முடித்ததும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என் படம் இன்னும் அங்கயா இருக்கு?"

"இருக்கு."

"கழட்டு."

பேனரே வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போய்விட்டது, இனி அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ தினம் பாக்குறேல்ல. அது போதும். கழட்டுடி."

அடுத்த நாள் காலை, மணி அடிப்பதற்கு முன்பே வாங்கைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். வாட்சர் வாங்கைப் பிடித்துக்கொண்டார், எதற்கு என்று கேட்கவில்லை. ஒட்டிய பசை இறுகிப்போயிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் மெல்ல உரித்து எடுத்தேன். கீழே வெள்ளைக் கட்டம் அப்படியே புதிதாக இருந்தது. பேனர் முழுக்க வெளுத்திருக்க, அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அதிபர் குடையோடு வந்தவர் கேட்டில் நின்றார். கட்டத்தைப் பார்த்தார், என் கையில் சுருட்டியிருந்த படத்தைப் பார்த்தார்.

"திரும்ப ஆரம்பிச்சிட்டாளா?"

"ஆமாங்க சேர்."

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் குடையை மடக்கிக்கொண்டு, "அவங்க அம்மாவுக்குச் சொல்லி அனுப்பு" என்றார். "வேனுக்கு நான் பேசுறேன்."